தட்டுகள் மிதப்பது குழம்பின் மீதா?

கேள்வி: பூமியின் தட்டுகள் உருகிய குழம்பின் மீது மிதப்பதால்தான் நகர்கின்றன என்கிறார்களே, சரியா? அவற்றைத் தள்ளுவது எது? சென்னைக்குப் பக்கத்தில் தட்டு எல்லை வந்துவிட்டது என்பது உண்மையா?

முதல் பகுதிக்குப் பதில்: சரியில்லை. பாடப் படங்களில் கவசத்துக்கு (மேன்டில்) செக்கச்சிவந்த நிறம் பூசி வைப்பதால் வந்த குழப்பம் இது. மேலோட்டுக்குக் கீழே சுமார் 2,900 கி.மீ. ஆழம் வரை இருக்கும் கவசம் கெட்டியான கல். நிறமும் சிவப்பல்ல, மேல்கவசத்தில் ஆலிவின் என்ற கனிமம் நிறைந்த பெரிடோடைட் பாறைதான் பெரும்பகுதி. சில எரிமலைகள் அதன் துண்டுகளை வாரிக்கொண்டு வந்து மேலே போடுகின்றன. அப்படி வந்த கல்லை உடைத்தால், கறுத்த பசால்ட் என்ற எரிமலைக் கல்லுக்குள் பாசிப்பயறு நிறத்தில் பொடிப்பொடியாக மின்னும்.

அவ்வளவு ஆழத்துக்கு யாரும் துளையிட்டதில்லை. ரஷ்யாவின் கோலா துளை 12,262 மீட்டரோடு நின்றது. அடியில் வெப்பம் 180 டிகிரி, எதிர்பார்த்ததைவிட மிக அதிகம். உள்ளே இருப்பதை நமக்குச் சொல்பவை நிலநடுக்க அலைகள். பி அலை கெட்டிப்பொருள், திரவம் இரண்டிலும் போகும். பக்கவாட்டில் அசைக்கும் எஸ் அலை திரவத்துக்குள் போகவே போகாது. அந்த எஸ் அலை கவசம் முழுவதையும் கடந்து வருகிறது. கவசம் குழம்பாக இருந்தால் மேலோட்டுக்குக் கீழே போய்வந்த ஒரு எஸ் அலைகூடப் பதிவாகியிருக்காது. அது நின்றுபோவது 2,900 கி.மீ. ஆழத்தில், பூமியின் நடுவில் இருக்கும் கருவின் வெளி அடுக்கான வெளிக்கருவின் வாசலில். திரவ இரும்பு இருப்பது அங்கேதான். அதற்கும் உள்ளே கெட்டியான உட்கரு இருப்பதை 1936இல் டென்மார்க்கின் இங்கே லேமன், நியூசிலாந்து நிலநடுக்கப் பதிவுகளை வைத்துக் கண்டுபிடித்தார்.

அளவு மனதில் பதிய ஒரு வழி. மொட்டைமாடியில் சாக்பீஸை 1 மீட்டர் கயிற்றில் கட்டி வட்டம் போடுங்கள். அதுதான் 6,371 கி.மீ. ஆரமுள்ள பூமி. அதே மையத்திலிருந்து 19 செ.மீ.யில் ஒரு வட்டம் போட்டால் உட்கரு, 55 செ.மீ.யில் போட்டால் வெளிக்கருவின் விளிம்பு. மீதி 45 செ.மீ. கவசம். கண்டங்களின் மேலோடு 6 மி.மீ.கூட வராது, கடலடி மேலோடு 1 மி.மீ.தான், சாக்பீஸ் கோட்டுக்குள்ளேயே மறைந்துவிடும். கோலா துளை 2 மி.மீ.!

இன்னொரு இடத்தில் மாணவர்கள் அதிகம் சறுக்குவார்கள். தட்டு என்றால் மேலோடு மட்டும் அல்ல. மேலோடு, கவசம், கரு என்பது எதனால் ஆனது என்று பார்க்கும் பிரிவு. லித்தோஸ்பியர், அஸ்தெனோஸ்பியர் என்பது எவ்வளவு விறைப்பு என்று பார்க்கும் பிரிவு. தட்டு என்பது லித்தோஸ்பியர்: மேலோடும், அதோடு ஒட்டிக் குளிர்ந்து விறைத்த மேல்கவசமும் சேர்ந்து சுமார் 100 கி.மீ. தடிமன். நம் வட்டத்தில் ஒன்றரை செ.மீ. இரண்டு பிரிவுகளையும் ஒரே அடுக்கில் கலந்து எழுதினால் விடை தப்பாகும்.

தட்டுக்குக் கீழே இருக்கும் அஸ்தெனோஸ்பியரில் வெப்பம் ஏறத்தாழ 1,300 டிகிரி. தரைமட்ட அழுத்தத்தில் அந்தக் கல் 1,100 டிகிரியை ஒட்டியே உருகத் தொடங்கிவிடும். அங்கே மேலிருந்து அழுத்தும் பாறையின் கனம் அதை உருகவிடாமல் பிடித்து வைக்கிறது. ஆனால் விறைப்பு போய்விடுகிறது. சாலை போடும் தார்க்கட்டியை நினைத்துக்கொள்ளுங்கள்: சுத்தியலால் அடித்தால் கண்ணாடிபோலச் சிதறும், அதையே வெயிலில் மாதக்கணக்கில் போட்டு வைத்தால் தானே பரவிக் கிடக்கும். கவசக் கல் விநாடிக்கணக்கில் வந்து போகும் நிலநடுக்க அலைக்குக் கெட்டி, லட்சக்கணக்கான ஆண்டுகளுக்கு நெகிழ்வு. ஸ்காண்டிநேவியாவை அழுத்திக்கொண்டிருந்த பனிப்பாளம் உருகிப் பத்தாயிரம் ஆண்டுகள் ஆகியும், அங்கே போத்னியா வளைகுடாக் கரை இன்றும் ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 1 செ.மீ. எழும்பிக்கொண்டிருக்கிறது. அடியில் கல் மெல்ல ஊர்ந்து திரும்பி வருவதே காரணம்.

அப்படியானால் எரிமலைக் குழம்பு எங்கிருந்து வருகிறது? கல் உருகச் சிறப்பான காரணம் வேண்டும். தட்டுகள் விலகும் நடுக்கடல் முகடுகளில் கவசம் மேலேறும்போது அழுத்தம் குறைந்து உருகுகிறது. ஒரு தட்டு இன்னொன்றின் அடியில் அமிழும் இடங்களில், அது சுமந்து போகும் நீர் சுமார் 100 கி.மீ. ஆழத்தில் வெளியேறி, மேலிருக்கும் கவசக் கல்லின் உருகுநிலையைத் தாழ்த்துகிறது. அந்தமானின் பேரன் தீவு எரிமலை இந்த இரண்டாம் வகை. நூறாண்டுக்கு மேல் உறங்கி, 1991இல் மீண்டும் விழித்தது.

இனி, தள்ளுவது எது. தள்ளுவது என்பதைவிட இழுப்பது என்பதே சரி. முகட்டில் பிறந்த கடலடித் தட்டு விலகிப் போகப் போகக் குளிர்ந்து, தடித்து, கனக்கிறது. அமிழத் தொடங்கியதும் அதன் பசால்ட் அழுத்தத்தில் எக்லோகைட் என்ற கனத்த பாறை ஆகிறது, அடர்த்தி கன செ.மீ.க்கு 3.0 கிராமிலிருந்து 3.5க்கு ஏறுகிறது. சுற்றியுள்ள கவசம் 3.3தான். எனவே தட்டின் முனை மூழ்கி, பின்னால் இருப்பதையும் இழுத்துக்கொண்டு போகிறது. கொடியில் காயப்போட்ட ஈரப்புடவையில் ஒரு பக்கம் நீண்டு கனத்தால் முழுப் புடவையும் அந்தப் பக்கம் வழுக்கி இறங்குமே, அதுபோல. விளிம்பில் நீளமாக அமிழும் பசிபிக் தட்டு சில இடங்களில் ஆண்டுக்கு 10 செ.மீ. போகிறது. அப்படி அமிழும் முனை பெரிதாக இல்லாத ஆப்பிரிக்கா, யுரேசியா தட்டுகள் 2 செ.மீ. அளவில்தான் நகர்கின்றன. முகட்டுச் சரிவின் தள்ளலும் உண்டு, அது சிறிது. கவசச் சுழற்சியை உருளைமேல் ஓடும் பெல்ட்போல வரைவது பாதி உண்மை. அமிழும் தட்டே அந்தச் சுழற்சியின் குளிர்ந்த, இறங்கும் கை.

இந்தியத் தட்டு ஆறு கோடி ஆண்டுகளுக்கு முன் ஆண்டுக்கு 15 செ.மீ.க்கும் மேல் வடக்கே பாய்ந்தது. ஆசியாவோடு மோதிய பின் தளர்ந்துவிட்டது. இன்று பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஜிபிஎஸ் நிலையம் ஆண்டுக்கு ஏறத்தாழ 5 செ.மீ. வடகிழக்காக நகர்வதைப் பதிவு செய்கிறது.

கடைசிப் பகுதி, சென்னை. தட்டு எல்லை எங்கும் வந்துவிடவில்லை. நமக்கு அருகிலுள்ள எல்லை அந்தமான்-சுமத்ரா அகழி, சுமார் 1,200 கி.மீ. கிழக்கே. அங்கே தட்டுகள் வழுக்காமல் பூட்டிக்கொள்கின்றன. மேலே இருக்கும் தட்டின் விளிம்பு ஆண்டுதோறும் வில்போல வளைந்து கீழே இழுபடுகிறது. 2004 டிசம்பர் 26 காலை 6.29க்கு அந்தப் பூட்டு 1,300 கி.மீ. நீளத்துக்கு விட்டுப்போய் 9.1 அளவு நிலநடுக்கம் வந்தது. எழும்பிய கடலடி நீரைத் தூக்கியது. ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்தில் சுனாமி அலை சென்னையில். தாய்லாந்துப் பக்கம் கடல் முதலில் உள்வாங்கியது, நம் பக்கம் முதலில் வந்தது ஏற்றம். ஆகவே கடல் உள்வாங்கினால் ஓடலாம் என்று காத்திருக்கக் கூடாது. சுனாமி எச்சரிக்கை தரும் ஹைதராபாத் இன்காய்ஸ் மையத்தின் அறிவிப்பு வந்தால், கடல் சாதுவாகத் தெரிந்தாலும் கிளம்பிவிடுங்கள்.

எல்லை தொலைவில் இருப்பதால் சென்னை அசையவே அசையாது என்பதும் இல்லை. தட்டு நெருக்கப்படும்போது உள்ளே இருக்கும் பழைய பிளவுகள் அவ்வப்போது நழுவும். 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அப்பால் கடலில் வந்த 5.5 அளவு நிலநடுக்கம் அப்படிப்பட்டது. சென்னையிலும் உணர்ந்தார்கள். 1900 பிப்ரவரியில் கோவை நடுங்கியதும் இதே வகைதான்.