பத்து நாள், எட்டு இடம்: இலங்கைப் பறவைப் பயணத்தை எப்படிப் போடுவது?

கேள்வி: ஆகஸ்டில் பத்து நாள் இலங்கைக்குப் போகிறேன். சிங்கராஜ, நுவரெலியா, மன்னார், யாழ்ப்பாணம் என எட்டு இடங்களைக் குறித்து வைத்திருக்கிறேன். பறவை பார்க்க இது போதுமா?

போதும் என்பதைவிட, அதிகம். எட்டு இடம் போனால் பாதி நாள் வண்டியில்தான் இருப்பீர்கள். பறவைகள் சுறுசுறுப்பாக இருக்கும் காலை ஆறு முதல் ஒன்பது மணி சாலையிலேயே கரைந்துவிடும். மூன்று இடம் போதும்: ஒரு மழைக்காடு, ஒரு மலை, ஒரு வறண்ட சமவெளி.

முதலில் மாதம். முடிந்தால் பயணத்தை ஜனவரி கடைசி முதல் மார்ச் வரைக்குள் மாற்றுங்கள். ஆகஸ்டில் தென்மேற்குப் பருவமழை ஓய்ந்திருக்காது; ஆறுமணிக்குருவி, காஷ்மீர் ஈப்பிடிப்பான் போன்ற வலசைப் பறவைகளும் இருக்காது. மாற்றவே முடியாதென்றாலும் கவலை வேண்டாம். இலங்கையில் மட்டுமே வாழும் முப்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் எங்கும் போய்விடாது.

மழைக்காட்டுக்கு சிங்கராஜ; அதற்கு மூன்று இரவு கொடுங்கள். அங்கே ஒரே காலையில் எல்லாம் கிடைத்துவிடாது. அரை மணி நேரம் நடப்பீர்கள், ஒரு சத்தமும் இருக்காது. திடீரென்று புதருக்குள் சிலம்பன்கள் சலசலக்கும், மேலே கரிச்சான் கத்தும். அதுதான் கலப்புக் கூட்டம். பத்துப் பன்னிரண்டு இனங்கள் சேர்ந்து இரை தேடிக்கொண்டு நகரும். அப்போது கீழே சலசலப்பதை விட்டுவிட்டு மர உச்சியைப் பாருங்கள். இலைகளுக்கு நடுவே சிவப்பாக ஏதோ நகர்ந்தால் அது செம்முகப் பூங்குயிலாக இருக்கலாம். நீல வால்காக்கையும் இப்படித்தான் வரும். ஐந்து நிமிடத்தில் கூட்டம் கடந்துவிடும், அதனால் கேமராவைவிட பைனாகுலரை முதலில் எடுங்கள். காட்டுக்குள் வெளிச்சம் குறைவு. பத்து மடங்கு பெரிதாக்கும் பைனாகுலரைவிட, எட்டு மடங்கு பெரிதாக்கும், முன் கண்ணாடி 42 மி.மீ. அகலமுள்ள பைனாகுலர்தான் கைகொடுக்கும். அட்டைப்பூச்சி கடிக்காமலிருக்கத் தனி காலுறை கட்டாயம்.

வழிகாட்டிக்குச் செலவழிக்கத் தயங்காதீர்கள். 2001இல்தான் முதன்முதலாகக் கண்ணில் பட்ட சிறு ஆந்தை ஒன்று இந்தக் காட்டில் இருக்கிறது. பகலில் அது எங்கே உறங்குகிறது என்பது உள்ளூர்க்காரர்களுக்குத்தான் தெரியும். ஆனால் ஒலிப்பதிவை இயக்கிப் பறவையை வரவழைக்கச் சொல்லாதீர்கள். எல்லை காக்கும் பறவை, எதிரி வந்துவிட்டதென்று இரையையும் குஞ்சையும் விட்டு ஓடிவரும்.

அப்புறம் மலைக்கு நுவரெலியா, மூன்று இரவு. அங்கிருந்து போய்வரக்கூடிய ஹோட்டன் சமவெளி 2,000 மீட்டருக்கு மேலே இருக்கிறது. விடியலில் நன்றாகவே குளிரும். இருள் பிரியும்போதே அங்கே இருந்தால் இலங்கைச் சீட்டிப் பூங்குருவியின் கூர்மையான குரல் கேட்கும். வெயில் ஏறினால் புதரை விட்டு வெளியே வராது. குளிர்காலத்தில் போனால், நகர நடுவிலுள்ள விக்டோரியா பூங்காவில் ஒரு மாலையைக் கழியுங்கள். ஓடையோரம் அசையாமல் நின்றால் ஆறுமணிக்குருவி தத்திக்கொண்டு வரும்.

கடைசியாக வறண்ட சமவெளிக்கு, திஸ்ஸமகாராமவில் இரண்டு இரவு. பக்கத்திலுள்ள பூந்தல, 1990இல் இலங்கையின் முதல் ராம்சார் ஈரநிலமானது, அதாவது உலக முக்கியத்துவம் உள்ளதென்று சர்வதேச ஒப்பந்தத்தின்கீழ் பட்டியலிடப்பட்ட ஈரநிலம். குளிர்காலத்தில் உள்ளான்கள் என்னும் கரையோரப் பறவைகள் குவியும் இடம்.

மன்னார், யாழ்ப்பாணத்தை இந்தப் பயணத்தில் சேர்க்காதீர்கள். அவை தீவின் மறுகோடி. மன்னார் பக்கத்து வங்காலைப் பூநாரைகளுக்காக ஒரு பிப்ரவரியில் தனியாக நான்கு நாள் ஒதுக்குங்கள்.