டக்ட் இல்லாத வீட்டுக்கு எந்த ஏசி?

கேள்வி: வணக்கம் சார். அப்பா கட்டுன பழைய வீடு, ரெண்டு பெட்ரூம் ஒரு ஹால், டக்ட் எதுவும் கிடையாது. இத்தன வருஷம் ஃபேன்லயே ஓட்டிட்டோம், இப்போ அம்மாவுக்கு வயசாயிடுச்சு, வெயில் காலத்துல ராத்திரி தூங்கவே மாட்டேங்கறாங்க, அதனால ஏசி போடலாம்னு இருக்கோம். ஒருத்தர் டக்ட் இழுத்து சென்ட்ரல் ஏசியா பண்ணிடுங்கங்கறார், இன்னொருத்தர் ஒரே அவுட்டோர் வெச்சு மூணு இடத்துக்கும் மல்டி ஸ்பிளிட் போடச் சொல்றார், தம்பி என்னடான்னா எங்க வேணா தள்ளிட்டுப் போற போர்ட்டபிள் ஏசி போதும்ங்கறான். எது சரி?

பதில்: முதல்ல அந்த டக்ட் யோசனைய விட்டுருங்கம்மா. டக்ட்ல என்ன நடக்குதுன்னா, ஒரு இடத்துல குளிர வெச்ச காத்து சீலிங்குக்கு மேல தகரப் பெட்டி வழியா அத்தன ரூமுக்கும் போகணும், போற வழியெல்லாம் சூடு, ஜாயின்ட் எல்லாம் கசியும். அந்த டக்ட் பரண் மாதிரி ஏசி இல்லாத இடத்துல ஓடினா, ஆகற எனர்ஜியில 30 சதவீதத்துக்கு மேல கூட வழியிலயே போயிடலாம்னு அமெரிக்க எரிசக்தித் துறையே சொல்லுது. ஸ்பிளிட்ல காத்து எங்கயும் போறதில்ல, விரல் தடிமன் காப்பர் பைப்ல குளிர வெக்கற கேஸ்தான் போய்ட்டு வருது, சுவத்துல ஒரு மூணு இஞ்ச் ஓட்டை போதும். கட்டி முடிச்ச வீட்ட உடைச்சு டக்ட் இழுக்க எந்த அவசியமும் இல்ல.

இப்போ ஒரு பேப்பர் எடுத்து எந்த ரூம்ல எத்தன மணிலேருந்து எத்தன மணி வரைக்கும் ஆள் இருக்காங்கன்னு எழுதுங்க. உங்க லெட்டர படிச்சா அம்மா ரூம், ராத்திரி, அவ்ளோதான் இப்போதைக்கு நிஜமான தேவை. அங்க ஒரு நல்ல இன்வெர்ட்டர் ஸ்பிளிட் (கம்ப்ரஸர் வேகத்த தேவைக்கேத்த மாதிரி கூட்டிக் குறைக்கற வகை) போட்டு ஒரு சீசன் பாருங்க, ஹாலுக்கு வேணுமான்னு அதுக்கப்புறம் உங்களுக்கே தெரிஞ்சிடும்.

மல்டி ஸ்பிளிட் பாக்க அழகா இருக்கும், வெளிய ஒரே பெட்டி, உள்ள மூணு. ஆனா ஒண்ணு கேளுங்க, ராத்திரி அம்மா ரூம் மட்டும் ஓடும்போது மூணு ரூமுக்குன்னு வாங்கின பெரிய கம்ப்ரஸர்தான் அந்த ஒரு ரூமுக்காக ஓடணும், இன்வெர்ட்டரா இருந்தாலும் ஒரு அளவுக்குக் கீழ அதால வேகத்த குறைக்க முடியாது, அதனால நின்னு நின்னு ஓடும், கரண்ட்டும் மிச்சமாகாது. அதோட அந்த அவுட்டோர் ரிப்பேர் ஆச்சுன்னா வீடு மொத்தமும் படுத்துடும். பைப்பு ஒண்ணு போதும்னு நெனைக்காதீங்க, வீடுகளுக்கு வர்ற மல்டில பெரும்பாலும் ஒவ்வொரு இன்டோருக்கும் தனி ஜோடி பைப்பு வரணும். அவுட்டோர் வைக்க ஒரே ஒரு பால்கனிதான் இருக்கு, வேற இடத்துல மாட்ட அனுமதி இல்லங்கற ஃபிளாட்டுக்குத்தான் நான் மல்டி சொல்லுவேன். உங்களுது தனி வீடு, சுத்தி சுவரு இருக்கு, தனித்தனியாவே போடுங்க.

தம்பி சொல்ற போர்ட்டபிள், ராத்திரி தூங்கற ரூமுக்கு வேண்டவே வேண்டாம். கம்ப்ரஸர் கட்டில் பக்கத்துலயே உக்காந்து சத்தம் போடும். அத விட பெரிய குறை, ஒத்தக் குழாய் மாடல் ரூம்ல இருக்கற காத்தையே இழுத்து சூடாக்கி வெளிய தள்ளுது, அப்போ அந்த அளவுக்கு வெளிக்காத்து கதவு இடுக்கு ஜன்னல் இடுக்கு வழியா சூடா உள்ள வந்தே ஆகணும். குளிர வெச்சதையே வெளிய கொட்டற கதை. ரெண்டு குழாய் மாடல் கொஞ்சம் தேவலாம். சுவத்துல ஓட்டை போடவே கூடாதுன்னு ஓனர் சொல்ற வாடகை வீட்டுக்கு வேற வழியில்லன்னா சரி. (ஜன்னல் வாகா இருந்தா விண்டோ ஏசிய மட்டமா நெனைக்காதீங்க, சத்தம் கூட வரும், ஆனா மாட்டறதும் கழட்டறதும் சுலபம், பைப்பு வேலையே கிடையாது.)

கேள்வி: சார், எங்க பெட்ரூம் பன்னெண்டுக்குப் பத்து. கடைல 1 டன் போதும்ங்கறாங்க, மாமா 1.5 டன்னா எடு, பெருசா இருந்தா சீக்கிரம் குளிரும், சீக்கிரம் ஆஃப் ஆயிடும், கரண்ட் மிச்சம்ங்கறார். மாமா சொல்றது சரியா?

பதில்: மாமா அக்கறையாத்தான் சொல்றார், ஆனா கணக்கு அப்படி வராது. டன்னுங்கறது மெஷினோட எடை இல்ல, ஒரு மணி நேரத்துல ரூம்லேருந்து எவ்ளோ சூட்ட வெளிய எடுக்கும்ங்கற அளவு. அந்தக் காலத்துல ஐஸ் வெச்சு குளிர வெச்சாங்க இல்லயா, 2,000 பவுண்டு ஐஸ் 24 மணி நேரத்துல உருக எவ்ளோ சூடு வேணுமோ அதுதான் 1 டன், அதாவது மணிக்கு 12,000 பிடியு (சூட்ட அளக்கற ஒரு அலகு), கிட்டத்தட்ட 3.5 கிலோவாட்.

தேவைக்கு மேல பெருசா போட்டா என்ன ஆகும்னா ரூம் சீக்கிரம் குளிர்ந்துடும், கம்ப்ரஸர் நின்னுடும், ஆனா காத்துல இருக்கற ஈரம் போயிருக்காது. ஈரம் எடுக்கணும்னா இன்டோர் பெட்டிக்குள்ள இருக்கற காயில் (கேஸ் ஓடற வளைஞ்ச பைப்பு) தொடர்ந்து சில்லுனு இருக்கணும், காத்து அது மேல பட்டுப் பட்டு தண்ணியா வடியணும், அதுக்கு நேரம் வேணும். அதனாலதான் சில ரூம்ல 22 வெச்சாலும் பிசுபிசுன்னு இருக்கும், போர்வைய போத்தினா வேர்க்கும் எடுத்தா குளிரும். சரியான அளவுல மெதுவா ரொம்ப நேரம் ஓடற ஏசிதான் உடம்புக்கு சுகம், பில்லுக்கும் அதுதான் நல்லது.

ஆனா 120 சதுர அடின்னு மட்டும் சொல்லி டன்ன முடிவு பண்றதும் பாதி கணக்குதான். மேல மொட்டை மாடியா இல்ல இன்னொரு வீடா? சாயங்கால வெயில் விழற மேற்கு சுவரா? ஜன்னல் எவ்ளோ பெருசு, எத்தன பேர் தூங்கறீங்க? ஒரு ஆளு சும்மா உக்காந்திருந்தாலே சுமார் 100 வாட் சூடு விடறார். கீழ்த் தளம், நெழல் விழற சுவரு, ரெண்டு பேருன்னா 1 டன்னே தாராளம். மொட்டை மாடி நேரா வெயில்ல காயுது, மேற்கயும் ஜன்னல்னா மாமா பக்கமும் ஒரு நியாயம் இருக்கு, அப்பவும் முதல்ல மாடிக்கு வெள்ளைப் பூச்சு, ஜன்னலுக்கு வெளிப்பக்கம் தட்டி இதெல்லாம் பண்ணிட்டு அப்புறம் டன்ன பாருங்க. உள்ள வராத சூட்ட வெளிய தள்ள வேண்டியதே இல்ல. கடைல கேக்கறப்போ அதிகபட்ச கெப்பாசிட்டி மட்டும் கேக்காதீங்க, குறைஞ்சபட்சம் எவ்ளோ வரைக்கும் இறங்கும்னு கேளுங்க, ராத்திரி முழுக்க அது அந்த அளவுலதான் ஓடப்போகுது.

கேள்வி: புது ஸ்பிளிட் மாட்டி நாலு மாசம்தான் ஆகுது, கூலிங் கம்மியாயிடுச்சு. வந்தவர் கேஸ் தீந்துடுச்சு, ஃபில் பண்ணணும்ங்கறார். நாலு மாசத்துல தீருமா?

பதில்: தீராதுங்க. கேஸ் பெட்ரோல் மாதிரி எரிஞ்சு போற பொருள் இல்ல, மூடின வட்டத்துல சுத்திட்டே இருக்கறது. கொறஞ்சா எங்கயோ லீக்கு. முதல்ல ஃபில்டர கழுவிப் பாருங்க, அவுட்டோர் காயில்ல தூசி அடைச்சிருக்கான்னு பாருங்க, கூலிங் கம்மியாக அதுவே காரணமா இருக்கலாம். அதெல்லாம் சரியா இருந்து கேஸ்தான் கம்மின்னா, லீக்க கண்டுபிடிச்சு அடைக்காம மேல மேல ஊத்த விடாதீங்க. பெரும்பாலும் பைப்பு சேர்ற ஃப்ளேர் நட்லதான் இருக்கும்.

எங்க வீட்லயும் இதே நடந்துச்சு. மாட்ட வந்தவங்க அர மணி நேரத்துல முடிச்சாங்க, பைப்ல இருக்கற காத்தயும் ஈரத்தயும் உறிஞ்சி எடுக்கற வேக்யூம் பம்ப்ப வண்டிலேருந்து இறக்கவே இல்ல, கொஞ்சம் கேஸ திறந்துவிட்டு பைப்ல இருந்த காத்த ஊதித் தள்ளினாங்க. அப்போ எனக்கு அது தப்புன்னு தெரியல. காத்தும் ஈரமும் பைப்ல தங்கிட்டா ஆயில் கெடும், கம்ப்ரஸர் ஆயுசு கொறையும். அதனால இப்போ யார் கேட்டாலும் பிராண்ட விட மாட்டற ஆளத்தான் பாக்கச் சொல்றேன். லீக்கு இருக்கான்னு நைட்ரஜன் போட்டு பிரஷர் டெஸ்ட் பண்ணுவீங்களா, வேக்யூம் போடுவீங்களான்னு முன்னாடியே கேளுங்க, தயங்கினா வேற ஆள் பாருங்க. இப்போ நிறைய மாடல்ல ஆர்-32 கேஸ் வருது, பழைய ஆர்-410ஏ கார்பன் டை ஆக்சைட விட 2,088 மடங்கு பூமிய சூடாக்கும், இது 675 மடங்கு, அதனால மாறினது நல்லதுதான், ஆனா ஆர்-32 லேசா தீப்பிடிக்கற வகை, லீக்க அலட்சியம் பண்ணக் கூடாதுங்கறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

கேள்வி: ஸ்பிளிட் ஏசி வெளிக்காத்த உள்ள கொண்டு வருமா? காலைல எந்திரிச்சா தலை பாரமா இருக்கு.

பதில்: வராதுங்க, சாதாரண ஸ்பிளிட் ரூம்ல இருக்கற அதே காத்தத்தான் சுத்தி சுத்தி குளிர வெக்குது. இறுக்கி மூடின சின்ன ரூம்ல மூணு பேர் தூங்கினா காத்து கனத்துப் போயிடும். கதவ ஒரு விரல் அளவு திறந்து வெச்சு நாலு நாள் பாருங்க, காலைல எந்திரிச்சதும் ஜன்னல நல்லா திறந்து விடுங்க. இன்டோர் காத்து நேரா தலைல அடிக்குதான்னும் பாருங்க, அடிச்சா காத்து வர்ற வாய்ல இருக்கற பிளேட மேல திருப்பி வெச்சிட்டு தூங்குங்க. அப்படியும் பாரம் விடலன்னா டாக்டர பாத்துடுங்க.