வினூஸ்கியின் கடைவீதி – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், வினூஸ்கியில் ஆறு வருடங்களாக இருக்கிறேன். கிரீன் கார்டு உண்டு. எனக்குப் பிடித்த கடைகள் இரண்டு மூடிவிட்டன. அமேசானும் வால்மார்ட்டும் இருக்கையில் சின்ன ஊர்க் கடைவீதி பிழைக்குமா? மார்ச்சில் நண்பரின் மலையூரில், ஊரார் கூடி வரவுசெலவை முடிவுசெய்யும் டவுன் மீட்டிங் பார்த்தேன். பனி தள்ளும் லாரி வாங்கலாமா என்று ஒரு மணி நேரம் சண்டை. இவர்களா ஊரைக் காப்பாற்றப் போகிறார்கள்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

வால்மார்ட் கடைசியாக நுழைந்த அமெரிக்க மாநிலம் உங்களுடையதுதான். 1995 வரை தாக்குப்பிடித்தார்கள். அந்தப் பேச்சை இத்தோடு விடுவோம்.

லாரிச் சண்டையை நீங்கள் ஏளனம் செய்ததுதான் எனக்குத் தாளவில்லை. அப்படி ஒரு கூட்டத்தில் நானும் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். பள்ளிக்கூட ஹால், மடக்கு நாற்காலிகள், எல்லோர் மடியிலும் ஊரின் வரவுசெலவு அச்சிட்ட புத்தகம். ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்த ஒரு பாட்டி எழுந்து, சாலைக்கடியில் போடும் குழாய்களுக்குப் போன வருடத்தைவிட ஏன் இவ்வளவு கூடுதல் என்று கேட்டார். சாலை வேலைகளைப் பார்ப்பவர் சேறு அப்பிய பூட்ஸோடு எழுந்து, எந்தெந்த இடத்தில் குழாய் துருப்பிடித்து உள்வாங்கியது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். பாட்டி தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். பிறகுதான் பணம் ஒதுக்க ஊர் சம்மதித்தது. தன் வரிப்பணத்துக்கு நேருக்கு நேர் கணக்குக் கேட்கிற ஜனங்களை “இவர்களா” என்று எழுத எப்படி மனம் வந்தது?

உங்கள் ஊரையே பாருங்கள். 1954ல் கம்பளி ஆலை மூடியது. 1970களில் நகரச் சீரமைப்பு என்ற பெயரில் மெயின் தெருவின் ஒரு பக்கத்தையே இடித்துத் தள்ளினார்கள். அப்போது அமேசான் ஏது? கடைவீதியை வாழவைப்பதும் காலி செய்வதும் கவுன்சிலில் யார் உட்கார்ந்து என்ன முடிவெடுக்கிறார்கள் என்பதில் இருக்கிறது.

அந்தக் கவுன்சிலுக்கு நீங்கள் ஓட்டுப் போடலாம், தெரியுமா? குடியுரிமை இல்லாதவர்களும் நகரத் தேர்தலிலும் பள்ளித் தேர்தலிலும் வாக்களிக்கலாம் என்று 2020 நவம்பரில் உங்கள் ஊர்க்காரர்கள் முடிவெடுத்தார்கள். அங்கே ஒரு நகரம் தன் சாசனத்தை, அதாவது நகர நிர்வாகத்தின் அடிப்படைச் சட்டத்தை, திருத்த மாநிலச் சட்டமன்றத்தின் சம்மதம் வேண்டும். சட்டமன்றம் சம்மதித்தது. கவர்னர் பில் ஸ்காட் 2021ல் மறுத்தார். மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு சட்டமன்றம் அதை மீறி நிறைவேற்றியது. பிறகு வழக்கும் வந்தது. இவ்வளவும் உங்களைப் போன்றவர்களுக்காக, ஐயா! ஆறு வருடத்தில் ஒரு தடவையாவது வாக்களித்தீர்களா? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

பயம் இருக்கும், புரிகிறது. குடியுரிமை விண்ணப்பத்தில் ஓட்டுப் போட்டதுண்டா என்று கேட்பார்கள். இத்தனை வருட உழைப்பை யாரும் பணயம் வைக்க மாட்டார்கள். முதலில் குடியேற்ற வக்கீலைக் கேளுங்கள், நகரத் தேர்தலைக் கவனிக்கும் அதிகாரியான சிட்டி கிளார்க்கையும் கேளுங்கள். வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் கவுன்சில் கூட்டத்தில் பேசலாம், அதற்கு ஓட்டுரிமை தேவையில்லை. மார்ச் முதல் செவ்வாயன்று வாக்கெடுப்புக்கு வரும் பட்ஜெட் ஜனவரியிலேயே முடிவாகிவிடும். அதற்குள் போய், கடைவீதிக்கு என்ன வேண்டும் என்று சொல்லுங்கள்.