ஈ.பி. வேலைக்கு மகனை அனுப்ப நினைக்கும் நீலகிரி மஞ்சூர் அம்மாவுக்கு

பத்தாவது முடித்த மகனை ஈ.பி.யில் சேர்க்க யாரைப் பார்க்க வேண்டும், எவ்வளவு செலவாகும் என்று கேட்டிருக்கிறீர்கள். யாரையும் பார்க்க வேண்டாம் அம்மா. பச்சைத்தேயிலை விற்றுச் சேர்த்த பணத்தை எந்தத் தரகரிடமும் கொடுத்துவிடாதீர்கள். 2022இல் வந்த சட்டத்துக்குப் பிறகு, வாரியங்களுக்கும் அரசு நிறுவனங்களுக்கும் ஆள் எடுப்பது டி.என்.பி.எஸ்.சி.தான். நாம் மின் வாரியம் என்று சொல்வது 2010இல் பிரிந்து, 2024இல் மறுபடியும் பிரிந்துவிட்டது. வீட்டுக்குக் கரண்ட் கொடுக்கும் பகுதிக்கு இப்போது தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம் என்று பெயர். அங்கே லைனிலும் கம்பத்திலும் வேலை பார்க்கும் 1,794 கள உதவியாளர்களை எடுக்க 2025இல் அறிவிப்பு வந்தது. சம்பள விகிதம் 18,800 முதல் 59,900 வரை.

அந்த வேலைக்கு ஐடிஐ வேண்டும். ஆனால் 'ஐடிஐ முடித்தவன்' என்றால் மட்டும் போதாது. சான்றிதழில் எலக்ட்ரீஷியன் அல்லது வயர்மேன் என்று இருக்க வேண்டும். எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக்கும் ஏ.சி. மெக்கானிக்கும் கரண்டோடு பழகும் பிரிவுகள்தான், ஆனாலும் இந்த வேலைக்குச் செல்லாது. 'இடம் காலியாக இருந்தது, சேர்த்துவிட்டோம்' என்று வேறு பிரிவில் இரண்டு வருடத்தைக் கழித்துவிட்டு, விண்ணப்பிக்கும்போது தெரிந்துகொள்ளும் வீடுகள் நிறைய. குன்னூரிலும் கூடலூரிலும் அரசு ஐடிஐ இருக்கிறது. எந்தப் பிரிவில் இடம் இருக்கிறது என்று கேட்டுவிட்டுப் பூர்த்தி செய்யுங்கள். தனியார் நிலையம் என்றால், கிடைக்கப்போவது தேசியத் தொழிற் சான்றிதழா என்பதை முதலில் கேளுங்கள்.

வயர்மேனுக்கு எட்டாவது போதும். உங்கள் மகன் பத்தாவது தேறியிருப்பதால் எலக்ட்ரீஷியனே எடுக்கட்டும். இரண்டு வருடப் படிப்பு. மோட்டார், டிரான்ஸ்ஃபார்மர், காயில் சுற்றுவது எல்லாம் அதில் வரும். முடித்ததும் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் வருடம் சேரும் வழியும் திறந்திருக்கும். அரசு ஐடிஐயில் கல்விக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவன் என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்துக்கும் விண்ணப்பிக்கலாம். அதில் மாதம் 1,000 ரூபாய். சைக்கிளும் தருவார்கள். நம் மேட்டில் அதை மிதிப்பது அவன் பாடு.

ஐடிஐ முடித்த கையோடு ஒரு வருடம் அப்ரெண்டிஸ் பயிற்சிக்கு அனுப்புங்கள். பயிற்சிக்காலத்தில் உதவித்தொகையும், முடிவில் தேசிய அப்ரெண்டிஸ் சான்றிதழும் கிடைக்கும். பயிற்சி முடித்தால் வேலை உறுதி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கம்பியும் இன்சுலேட்டரும் கைக்குப் பழகும், அதுதான் அதில் லாபம்.

இனி வேலையைப் பற்றி. மலையில் லைன் வேலை சமவெளியைப் போல இல்லை. ஜீப் போகாத சரிவில் கம்பத்தைத் தோளில் சுமந்து இறங்க வேண்டும். தென்மேற்குப் பருவமழையில் கற்பூர மரம் வேரோடு சாய்ந்து லைன்மேல் விழும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது நினைவிருக்கும். அப்படிப்பட்ட இரவிலும் ஃபால்ட் எங்கே என்று தேடி நடக்கிறவர்கள் இவர்கள்தான். வழியில் காட்டெருமை நிற்கும்.

உயிர் போவது பெரும்பாலும் உயரத்தால் இல்லை, அவசரத்தால். எல்.சி. (லைனை நிறுத்தி வேலை செய்யத் தரும் அனுமதி) வாங்கி, ஏ.பி. சுவிட்சை (லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) திறந்து பூட்டி, கரண்ட் இல்லை என்று சோதித்து, வேலை செய்யும் இடத்துக்கு இரண்டு பக்கமும் எர்த் ராடு (கம்பியைத் தரையோடு இணைக்கும் கோல்) போட்ட பிறகே கம்பியில் கை வைக்க வேண்டும். எர்த் ராடில் முதலில் தரையோடு இணைப்பது, அப்புறம் கம்பியில் மாட்டுவது. கழற்றும்போது கம்பியிலிருந்து முதலில் எடுப்பது, தரை இணைப்பு கடைசி. 'சப்ளைதான் நின்றுவிட்டதே' என்று எர்த் ராடைத் தவிர்ப்பவர்களுக்குத்தான் ஆபத்து. எங்கோ ஒரு ரிசார்ட்டிலோ தேயிலை ஃபேக்டரியிலோ லைனிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் சரியில்லாமல் ஜெனரேட்டரைப் போட்டால், அந்த 400 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மருக்குள் பின்பக்கமாக நுழைந்து 11,000 வோல்ட்டாக லைனுக்கு ஏறிவிடும். 'ரிட்டர்ன் சப்ளை' என்று லைன்மேன்கள் பயப்படுவது இதற்குத்தான்.

'பையன் கெத்தை பவர் ஹவுஸில் உட்கார்ந்தால் போதும்' என்று எழுதியிருக்கிறீர்கள். பைக்காரா நீர்மின் நிலையம் 1932இலிருந்தே ஓடுகிறது. குந்தாவில் 60 மெகாவாட், கெத்தையில் 175, பரளியில் 180, பில்லூரில் 100 என்று ஒரே தண்ணீர் இறங்கி இறங்கிச் சுழற்றுகிறது. 500 மெகாவாட் நீரேற்று மின் திட்டமும் குந்தாவில் வருகிறது. ஆனால் உற்பத்தி வேறு நிறுவனம், பகிர்மானம் வேறு நிறுவனம். கள உதவியாளராகப் போகிறவனுக்கு லைனும் கம்பமும் டிரான்ஸ்ஃபார்மரும்தான். பணியிடமும் மஞ்சூராகவே இருக்காது. ராமநாதபுரமோ திருவாரூரோ ஆகலாம். பவர் ஹவுஸ்தான் ஆசை என்றால் எலக்ட்ரிக்கல் டிப்ளமோவரை படித்துவிட்டு அந்த நிறுவனத்தின் அறிவிப்புக்குக் காத்திருக்க வேண்டும்.

தேர்வில் பையன்கள் கவிழும் இடம் தொழிற்பாடம் இல்லை, தமிழ். டி.என்.பி.எஸ்.சி.யின் தமிழ்த் தகுதித் தாளில் 150க்கு 60 எடுக்காவிட்டால் மற்ற விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். வீட்டில் படுக மொழி பேசி, கான்வென்ட்டில் ஆங்கிலத்தில் படித்த பிள்ளை என்றால் இன்றைக்கே பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை எடுக்கட்டும். முழுக்கத் தமிழ் வழியில் படித்தவன் என்றால் 20 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. ஒன்றாம் வகுப்பிலிருந்து வேலைக்குக் கேட்கும் படிப்பு வரை ஒவ்வொரு நிலையும் தமிழ் வழி என்பதற்குச் சான்று வேண்டும். பழைய பள்ளி மூடப்படுவதற்கு முன்பே அதை வாங்கி வைத்துவிடுங்கள்.

அறிவிப்பு வருடா வருடம் வராது. அதுவரை உள்ளூர் ஆபீஸில் ஒப்பந்த ஆளாகக் கம்பம் ஏறினால் நிரந்தரமாகும் என்று சொல்வார்கள். காப்பீடும் பாதுகாப்பு பெல்ட்டும் எழுத்தில் ஒரு ஆதாரமும் இல்லாமல் ஏறவிடாதீர்கள். அதைவிட ஒரு தேயிலை ஃபேக்டரியில் எலக்ட்ரீஷியனாக நிற்பது மேல். மோட்டார்களும் பேனல்களும் நிறைந்த இடம், கை தேறும்.

சேர்க்கைக்கு முன் கண் மருத்துவரிடம் நிறப்பார்வை சோதனை செய்யுங்கள். சிவப்பு, மஞ்சள், நீலம் என்று பேஸ்களைப் பிரித்தறிய முடியாத கண்ணோடு இந்தத் தொழிலுக்கு வரக் கூடாது. உயரம் பயமா என்பதையும் அவனிடமே, பக்கத்தில் யாரும் இல்லாதபோது கேளுங்கள்.