கள்ளிக்கட்டை ஏன் கட்டையாகவே இருக்கிறது?

அன்புள்ள ஐயா,

வேலூரில் உங்கள் நீலி நாடகம் பார்த்தேன். சிறுவயதில் பாட்டி பழையனூர் நீலி கதையைச் சொன்ன இரவுகளில் கொல்லைப்பக்கம் போகவே மாட்டேன். அந்தப் பயம் மேடையில் வரவில்லை. நீலியின் இடுப்பில் இருந்தது வெறும் மரக்கட்டை. என் பக்கத்துப் பையன்கள் சிரித்துவிட்டார்கள். ஒரு பொம்மையாவது வைத்திருக்கலாமே? புகை இல்லை, நீல விளக்கு இல்லை. கடைசித் தீக்காட்சியில் முகவீணைக் குழலின் சத்தத்தில் வசனமும் புரியவில்லை. நல்ல பேய்க்கதையைக் கூத்தாக்கிக் கெடுத்துவிட்டீர்களோ?

ஒரு வாசகர், குடியாத்தம்

அன்புள்ள நண்பருக்கு,

பையன்கள் சிரித்தது எனக்கும் கேட்டது. மேடையோரம் நின்றுகொண்டு அதற்காகத்தான் காத்திருந்தேன்.

கதை தெரியாதவர்களுக்காக: முற்பிறவியில் தன்னைக் கொன்ற கணவன் வணிகனாகப் பிறந்திருக்கிறான். அவனைப் பழிவாங்க வரும் நீலி, கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, கட்டியவன் கைவிட்டுவிட்டான் என்று பழையனூர் வேளாளர் எழுபது பேர் முன்னால் அழுகிறாள். அவன் உயிருக்குத் தங்கள் உயிரைப் பிணையாக வைத்து, அவர்கள் அவனை அவளோடு அனுப்புகிறார்கள். விடிந்தால் அவன் பிணம். எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள்.

பாட்டி சொல்லும்போது நாமும் அந்த எழுபது பேரோடு உட்கார்ந்துவிடுகிறோம். குழந்தை என்றால் குழந்தை. மேடையில் பொம்மை வைத்தாலும் அதுவே நடக்கும். கட்டையை வைத்தால் நீங்கள் வணிகன் பக்கம் வந்துவிடுகிறீர்கள். ஊரே குழந்தை என்கிறது, உங்கள் கண்ணுக்குக் கட்டை. அவள் அதைத் தரையில் வைக்கிறாள். யாரும் அதைத் தொடுவதில்லை, அது அசைவதும் இல்லை. பின்பாட்டுக்காரர் மெல்லிய குரலில் "அப்பா" என்கிறார். "பிள்ளை தவழ்ந்து வருகிறதே, தூக்கேன்" என்கிறார் ஊர்ப்பெரியவர், கனிவாக. எனக்கு வயிற்றைப் பிசைவது அந்தக் கனிவுதான்.

ஆரம்பத்தில் நிஜக் கள்ளியையே ஒடித்து வந்தோம். ஒத்திகையில் அதன் பால் நீலியாக நடிப்பவரின் விரலில் பட்டு, அந்தக் கையாலேயே கண்ணைத் துடைத்துவிட்டார். அன்று முழுக்கக் கண்ணைத் திறக்க முடியவில்லை. நீலிக் கண்ணீர் என்று யாரும் வேடிக்கை பேசத் துணியவில்லை. மறுநாளே கல்யாண முருங்கைக்கு மாறினோம். கூத்துக்காரர்கள் கிரீடமும் புஜக்கட்டையும் செதுக்குகிற மரம், எடையே இருக்காது. அந்தக் கட்டையைப் பாரமாக இடுக்கிக்கொண்டு ஒருபக்கம் சாய்ந்து நடக்க அவருக்கு இரண்டு வாரம் பிடித்தது.

கூத்தாக்கிக் கெடுத்தேன் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். செய்யாறு பக்கத்துப் புரிசை தொடங்கி, பழைய வட ஆர்க்காட்டில் விடிய விடியக் கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்குத் தெரியும். இரண்டு பேர் திரை பிடிப்பார்கள். அதன் பின்னாலிருந்து முதலில் குரல் வரும், திரைக்குக் கீழே சலங்கைக் கால் தெரியும், முகம் தெரிய வெகுநேரம் ஆகும். இதற்குமேல் புகை எதற்கு?

அரக்கோணத்திலிருந்து ரயிலில் சென்னைப் பக்கம் சற்று நேரம் போனால் திருவாலங்காடு. பழையனூர் அதை ஒட்டிய ஊர். ஏழாம் நூற்றாண்டிலேயே சம்பந்தர் திருவாலங்காட்டுப் பதிகத்தில் "வஞ்சப்படுத் தொருத்தி வாணாள் கொள்ளும் வகைகேட் டஞ்சும் பழையனூர்" என்று பாடிவிட்டார். வஞ்சகமாக ஒருத்தி உயிரைக் கொண்ட விதத்தைக் கேட்டு அஞ்சும் ஊர் என்று பொருள். பேய் என்ற சொல்லே அந்த அடியில் இல்லை; ஒருத்தி, அவ்வளவுதான். கண்டு அஞ்சவில்லை, கேட்டு அஞ்சுகிறது ஊர். இதைப் படித்த அன்றே நீல விளக்கை எடுத்துவிட்டேன்.

தீக்காட்சி பற்றி நீங்கள் சொன்னது நியாயம். எழுபது பேருக்கு எங்களிடம் ஏழு பேர்தான். அந்தக் குறையை வசனத்தால் நிரப்பப் பார்த்தேன். இப்போது வசனம் முழுவதையும் வெட்டிவிட்டேன். ஒவ்வொருவராகத் தோளிலிருந்த துண்டை எடுத்து மடித்துக் கீழே வைத்துவிட்டு உள்ளே போகிறார்கள். முகவீணை மட்டும் இருக்கிறது.