சும்மா கொடுத்தா எவன் வேலை செய்வான்?

கேள்வி: சார், உங்க பத்திரிகையில மாசா மாசம் சோசலிசம்னு எழுதுறீங்க. சோறு, வீடு, வைத்தியம் எல்லாத்தையும் எல்லாருக்கும் கொடுத்துட்டா அப்புறம் எவன் வேலைக்கு வருவான்? இப்பவே இந்த ரேஷன் அரிசியால என் ரெண்டு ஏக்கர் தேயிலைக்கு ஆள் கிடைக்கல. அதை விடுங்க, கக்கூஸ் யார் கழுவுவா? அதுக்கு முதல்ல பதில் சொல்லுங்க.
– பேர் போட வேணாம்னு எழுதுன வாசகர், கோத்தகிரி

பதில்: அண்ணே, முதல்ல அரிசியை முடிச்சிடுவோம். 2011-ல இருந்து தமிழ்நாட்டுல ரேஷன் அரிசிக்குக் காசு கிடையாது. சரி, அரிசி வந்தாச்சு இனி படுத்துக்கலாம்னு லயன்ல, அதான் எஸ்டேட் தொழிலாளிங்க வரிசை வீடுகள்ல, எந்தக்கா கூடையை இறக்கி வச்சாங்க? 20 கிலோ அரிசிய வச்சு புள்ளைக்கு பீஸ் கட்ட முடியுமா, ஒரு ஸ்வெட்டர் வாங்க முடியுமா. உங்களுக்கு வராத ஆளுங்க வீட்டுல தூங்கல, திருப்பூர்ல பனியன் கம்பெனியில ஓவர்டைம் பார்க்குறாங்க, அவங்க விட்டுட்டுப் போன இடத்துல ஜார்க்கண்ட்ல இருந்து ரயிலேறி வந்த பசங்க கொழுந்து எடுத்துக்கிட்டு இருக்காங்க. சோம்பேறி எவனாச்சும் அத்தனை தூரம் ரயிலேறுவானா?

கக்கூஸ். இப்ப யார் கழுவுறா? நல்ல சம்பளம்னு போட்டி போட்டுக்கிட்டா வந்தாங்க? எந்தத் தெருவுல இருந்து வர்றாங்கன்னு உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும். முறை வச்சுக் கழுவுவோம், ஒரு வாரம் நான், ஒரு வாரம் நீங்க. நம்ம முறை வந்துச்சுன்னா மிஷின் எவ்வளவு சீக்கிரம் வருதுன்னு மட்டும் பாருங்க.

இப்ப வீட்டுக்கு வருவோம், ஏன்னா எனக்கு உறுத்துறது அதுதான். எங்கம்மா கொழுந்து பறிச்சவங்க. மழை நாள்ல எடை போடுறப்போ ஈரத்துக்குன்னு ரெண்டு கிலோ, சாக்குக்குன்னு ஒரு கிலோ கழிப்பாங்க, சாக்கு வெறும் சாக்குதான், அது ஒரு கிலோ இருக்குமான்னு யாரும் தூக்கிக்கூடப் பார்த்ததில்ல. அம்மாவுக்குத் தெரியும். ஆனா வாயத் திறக்க மாட்டாங்க, ஏன்னா நாங்க இருந்த வீடு எஸ்டேட் வீடு. 1951 தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, ஆஸ்பத்திரி, புள்ளைங்களைப் பார்த்துக்க ஆயா கொட்டகை எல்லாம் முதலாளி கொடுக்கணும்னு சொல்லுச்சு, நல்ல சட்டந்தான், நான் பிறந்ததே அந்த ஆஸ்பத்திரியிலதான். ஆனா வேலை போனா வீடு போச்சு. அந்தப் பயத்துலதான் அந்த மூணு கிலோ கழிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. வேலைக்கு ஆள் வரணும்னா தேவையைப் பிடிச்சு வச்சுக்கணும்னு நீங்க சொல்றீங்கல்ல, அது எப்படி இருக்கும்னு எங்க வீட்டுல பார்த்தாச்சு.

முதலாளிக்குப் பதிலா கவர்மெண்ட் வந்தா சரியாப் போயிடும்னும் நான் சொல்லல. 1964-ல இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் சிலோன் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்துல சிலோன்ல இருந்து வந்த தமிழ்த் தொழிலாளிங்களுக்கு வேலை கொடுக்க 1968-ல ஆரம்பிச்சதுதான் இன்னைக்கு டேன்டீங்கற தமிழ்நாடு கவர்மெண்ட் தேயிலைக் கம்பெனி. 2022-ல அதுல ஒரு பகுதி நிலத்தை வனத்துறைக்கே திருப்பிக் கொடுக்க ஆர்டர் வந்தப்போ லயன்ல பேச்சு காட்டைப் பத்தி இல்ல, நாங்க எங்க போறதுங்கறதுதான். காசே இல்லாம இருந்தா எல்லாரும் சமம்னு நினைச்சாலும் தப்பு. இதே நீலகிரி மலையில அந்தக் காலத்துல நாலு ஜனங்க காசில்லாம மாத்திக்கிட்டாங்க: தோடர் நெய் கொடுத்தாங்க, கோத்தர் பானையும் இரும்புச் சாமானும் செஞ்சு கொடுத்து சாவுக்கு மேளமும் வாசிச்சாங்க, படுகர் தானியம், குறும்பர் தேன். குடும்பத்துக்குக் குடும்பம் தலைமுறையா நடந்துச்சு, யாரும் பட்டினி கிடக்கக் கூடாதுங்கற ஏற்பாடு அழகுதான், ஆனா நீ பானை செய்யுற வீட்டுல பிறந்தா பானைதான் செய்யணும், உனக்கு மரியாதையும் ஒரு படி கம்மிதான். கியூபாக்காரன் 1962-லயே எல்லாருக்கும் ரேஷன் புக் கொடுத்தான், இன்னைக்கு அந்த புக் இருக்கு, கடையில பல நாள் சாமான் இல்ல.

அதனால சோசலிசம்னா நான் நினைக்கிறது ரொம்பப் பெருசா ஒண்ணும் இல்லண்ணே. வீடு பஞ்சாயத்து பேர்லயோ ஊர்ச் சங்கத்து பேர்லயோ இருக்கணும், வேலையை விட்டாலும் சாவி உங்க கையிலயே இருக்கணும். எடை போடுற இடத்துல பறிச்சவங்களும் நிக்கணும், எடையில எவ்வளவு கழிக்கலாம்னு அவங்களும் சேர்ந்துதான் முடிவு பண்ணணும். பேக்டரி கணக்கை வருஷத்துக்கு ஒரு தடவையாச்சும் சத்தமாப் படிக்கணும். பச்சைத் தேயிலைக்கு விலை பத்தலன்னு ரோட்டுல உட்கார்ற உங்களுக்கே இது தேவைதானே, கூட்டுறவு பேக்டரியில நீங்களும் மெம்பர், கணக்கை எப்ப கடைசியாப் பார்த்தீங்க?

அப்புறம், கக்கூஸ் பேச்சை எடுத்தது நீங்க. உங்க ரெண்டு ஏக்கர்ல காலைல எட்டு மணியில இருந்து சாயங்காலம் வரைக்கும் பொம்பளைங்க பறிக்குறாங்க. அவங்களுக்கு கக்கூஸ் எங்க கட்டியிருக்கீங்கன்னு அடுத்த லெட்டர்ல எழுதுங்க, போடுறேன்.