டன் டாவர்ன்: கடையா, விடுதியா?

அன்புள்ள ஐயா,

பிலடெல்ஃபியா பற்றிய கட்டுரையில், அமெரிக்க மரீன் படை 1775 நவம்பர் 10 அன்று ‘டன் டாவர்ன்’ என்ற விடுதியில் பிறந்ததாக எழுதியிருந்தீர்கள். டாவர்ன் என்றால் மதுக்கடைதானே? விடுதி என்று எழுதி ஏன் மூடி மறைக்கிறீர்கள்? ஒரு நாட்டின் படை மதுக்கடையில் பிறந்தது என்பதையே என்னால் நம்ப முடியவில்லை.

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

மறைக்க நினைக்கவில்லை. ஆனால் அந்தச் சொல்லிடம் சிக்கிக்கொண்டு வெகுநேரம் யோசித்தது உண்மை. மதுக்கடை என்று எழுதினால் நமக்குக் கண்முன் வருவது கம்பி வலைக்குப் பின்னால் பாட்டில் நீட்டும் கடை. அன்றைய பிலடெல்ஃபியாவில் டாவர்ன் என்பது அதுவல்ல. அங்கே பீர் உண்டு, ரம் உண்டு. சாப்பாடு உண்டு, வழிப்போக்கருக்குப் படுக்கையும் உண்டு. ஊர்க்கூட்டமும் வியாபாரப் பேச்சும் அங்கேதான் நடந்தன. டெலவேர் ஆற்றங்கரைத் துறையை ஒட்டியிருந்த டன் டாவர்னில் 1730களில் ஃப்ரீமேசன் என்ற சகோதரச் சங்கத்தார் கூடினார்கள். வறுமையில் வந்திறங்கிய ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு உதவ 1747இல் புனித ஆண்ட்ரூ சங்கம் தொடங்கப்பட்டதும் அங்கேதான். நம்மூர்ச் சத்திரத்தையும் மதுக்கடையையும் ஒரே கூரைக்குள் வைத்தால் ஓரளவு பொருந்தும். (‘டன்’ என்றால் பெரிய பீப்பாய். நாம் எடைக்குச் சொல்லும் டன்னும் அதிலிருந்து வந்ததுதான்.)

ஆனால் உங்கள் இரண்டாவது சந்தேகம் நியாயமானது. நவம்பர் 10 அன்று இரண்டு பட்டாளம் மரீன் வீரர்களை, அதாவது கப்பலோடு போய்ப் போரிடும் வீரர்களை, திரட்டுவது என்ற தீர்மானம் காண்டினென்டல் காங்கிரஸில், அதாவது பிரிட்டனை எதிர்த்த அமெரிக்கக் குடியேற்றங்களின் பேரவையில், நிறைவேறியது. காங்கிரஸ் கூடிய இடம் பென்சில்வேனியா அரசவைக் கட்டடம், டாவர்ன் அல்ல. படை பிறந்தது என்றால் அங்கேதான்.

அப்படியானால் டாவர்ன் எங்கே வருகிறது? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். அந்த இரண்டு பட்டாளத்தையும் பாஸ்டனை முற்றுகையிட்டிருந்த ஜார்ஜ் வாஷிங்டனின் படையிலிருந்து எடுப்பது என்றுதான் முதலில் திட்டம். இருக்கிற ஆளே போதாது, இதிலிருந்து பிரித்தால் என் படை குலைந்துவிடும் என்று அவர் மறுத்துவிட்டார். சரி, புதிதாகவே ஆள் சேர்ப்போம் என்று காங்கிரஸ் இறங்கி வந்தது. நவம்பர் 28 அன்று சாமுவேல் நிக்கோலஸ் என்பவருக்கு மரீன் கேப்டன் நியமனம் கிடைத்தது. கடல் பழக்கமுள்ள ஆட்கள்தான் வேண்டும் என்பது தீர்மானத்தின் நிபந்தனை. அப்படிப்பட்டவர்களைத் துறைமுகத்து டாவர்ன்களைத் தவிர வேறு எங்கே போய்த் தேடுவது? வாஷிங்டன் சம்மதித்திருந்தால் இந்தக் கதையில் டாவர்னுக்கு வேலையே இருந்திருக்காது.

அதுவும் எந்த டாவர்ன் என்பதில் தகராறு உண்டு. டன் டாவர்னை நடத்திய ராபர்ட் மல்லன்தான் முதலில் ஆள் சேர்த்தவர் என்பது மரபு. ஆனால் அவருக்குக் கேப்டன் பதவி கிடைத்தது 1776இல்தான். நிக்கோலஸின் குடும்பத்துக்கே ‘கனஸ்டோகா வேகன்’ என்று ஒரு டாவர்ன் இருந்ததால், முதலில் ஆள் எடுத்தது அங்கேதான் என்று வாதிடும் வரலாற்றாசிரியர்கள் இருக்கிறார்கள். எனக்கு இவர்கள் பக்கமே நியாயம் அதிகமாகப் படுகிறது.

எங்கே சேர்ந்தவர்களானாலும், 1776 மார்ச் 3 அன்று நிக்கோலஸின் தலைமையில் பஹாமாஸின் நாசோ அருகே கரையிறங்கினார்கள். அதுதான் அவர்களுடைய முதல் தரையிறக்கம். தேடிப் போன ஆயுதங்களில் பீரங்கிகள் கிடைத்தன. வெடிமருந்தில் பெரும்பகுதியை அங்கிருந்த பிரிட்டிஷ் ஆளுநர் இரவோடு இரவாகக் கப்பலேற்றி அனுப்பிவிட்டார்.

அப்புறம், பிறந்தநாள் விஷயம். 1783இல் கலைக்கப்பட்ட படை 1798 ஜூலை 11 அன்று மறுபடி அமைக்கப்பட்டது. வெகுகாலம் அந்த ஜூலை தேதியைத்தான் கொண்டாடினார்கள். 1921இல் தளபதி ஜான் லெஜூன் உத்தரவு போட்ட பிறகே நவம்பர் 10 நிலைத்தது. டன் டாவர்ன் கட்டடத்தை 1781இலேயே இடித்துவிட்டார்கள். ஆனாலும் வர்ஜீனியாவின் குவான்டிகோ அருகிலுள்ள மரீன் அருங்காட்சியகத்து உணவகத்துக்கு அதே பெயர்தான் வைத்திருக்கிறார்கள்.

கட்டுரையில் ‘பிறந்த’ என்பதை எடுத்துவிட்டு ‘முதல் ஆட்களைச் சேர்த்ததாக மரீன்கள் நம்பும்’ என்று திருத்திவிட்டேன். விடுதி என்ற சொல்லை மாற்றவில்லை.